பேஸ்மென்ட்டில் ஒரு பட்டன் பாக்ஸ்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டில் பாண்டு ஒத்திகை. அப்பாவின் கார் வந்து நிற்பதற்கும் அம்மா குக்கரை இறக்குவதற்கும் நடுவே, அந்த வீட்டு பேஸ்மென்ட்டின் குட்டி ஜன்னல் வழியாக முதலில் துருத்தி காற்றை இழுக்கும் ஓசை வரும். பின்னாலேயே பேஸ் கட்டைகளில் இரண்டு தட்டு. அப்புறம் பேஞ்சோ, டிரம்ஸ், சாக்ஸபோன் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொள்ள, எங்கள் சமையலறை அலமாரியில் கவிழ்த்து வைத்த டம்ளர்கள் மெல்லக் கிணுகிணுக்கத் தொடங்கும். “ஆரம்பிச்சுட்டாங்க” என்பாள் அம்மா. குரலில் அலுப்பு இருக்காது. பேச்சுத்துணைக்கு ஆளில்லாத ஊரில், வாரத்தில் ஒருநாளாவது பக்கத்தில் யாரோ கூடிப் பாடுகிறார்கள் என்பது அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்துக் கிளீவ்லாந்து நகரத்துக்குக் கிழக்கே, ஈரி ஏரிக்கரையில் இருக்கும் யூக்ளிட்தான் நான் வளர்ந்த ஊர். அப்பாவுக்கு அங்கே ஒரு தொழிற்சாலையில் பொறியாளர் வேலை. எழுபதுகளின் நடுவில் நாங்கள் குடிபோன தெருவில் பெரும்பாலும் ஸ்லோவேனியக் குடும்பங்கள். வீட்டுக்கு வீடு புழக்கடையில் தக்காளிச் செடி, அவரைக் கொடி, திராட்சைப் பந்தல். குளிர் தொடங்குவதற்கு முன்னால் பெட்டி பெட்டியாகத் திராட்சை வந்து இறங்கும். ஏரிக்கரையோடு கிழக்கே போனால் ஜெனீவா என்ற ஊர்ப் பக்கம் திராட்சைத் தோட்டங்கள்தானே. பேஸ்மென்ட் தோறும் ஒரு மதுப் பீப்பாய் இருக்கும். பக்கத்து வீட்டு ஒத்திகை அறையை இன்றும் நான் முதலில் மூக்கால்தான் நினைத்துக்கொள்கிறேன்: புளித்த திராட்சை, ஈரச் சுவர், கணப்பு அடுப்பின் எண்ணெய்ப் புகை, அக்கார்டியன் பெட்டியைத் திறந்ததும் வரும் பழைய தோல் வாசம்.

அந்த வீட்டுப் பெரியவரைத் தாத்தா என்றுதான் நான் கூப்பிடுவேன். அப்படி அழைக்கச் சொல்லிக்கொடுத்தது அம்மா. அவரும் அதை ஏற்றுக்கொண்டார். கம்பி ஆலையில் உழைத்து ஓய்வு பெற்றவர். முதல் உலகப் போருக்குச் சற்று முன்னால், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கப்பலில் வந்த பிள்ளை. அவர் அப்பா முன்பே வந்து ஆலையில் சேர்ந்திருந்தார். அன்றைக்கு ஸ்லோவேனியா என்று ஒரு நாடு கிடையாது. ஆஸ்திரிய–ஹங்கேரியப் பேரரசின் மாகாணங்களில் பிரிந்து கிடந்த உழவர் கூட்டம் அது. நிலம் துண்டு துண்டாகிச் சோறு போடாமல் போனதும், 1880களிலிருந்து கிளீவ்லாந்தின் இரும்பு ஆலைகளுக்கும் ரயில் பணிமனைகளுக்கும் வந்து சேர்ந்தார்கள். செயின்ட் கிளேர் அவென்யூவை ஒட்டி அவர்கள் குடியிருப்பு வளர்ந்தது. 1893இல் செயின்ட் வைட்டஸ் பங்கு உருவானது. 1924இல் அதே அவென்யூவில் 6409ஆம் எண் கட்டடம் திறக்கப்பட்டது. அதுதான் ஸ்லோவேனிய தேசிய இல்லம்.

அந்தக் கட்டடத்தைப் பற்றித் தாத்தா பேசத் தொடங்கினால் நேரம் போவது தெரியாது. பணக்காரர் ஒருவர் கட்டிக்கொடுத்ததல்ல அது. ஆலைத் தொழிலாளிகள் தங்கள் பரஸ்பர உதவிச் சங்கங்கள் வழியாகவும் தனித்தனியாகவும் பங்குப் பத்திரம் வாங்கிச் சேர்த்த காசில் எழுந்தது. உள்ளே பெரிய நாடக மேடை, பாடற்குழுக்களுக்கு அறைகள், நடனக் கூடம், கீழே மதுக்கடை. ஸ்லோவேனிய மொழியில் நாடகமும் சேர்ந்திசையும் ஓபராவும்கூட அங்கே நடந்திருக்கின்றன. அதே 1924இல்தான் அமெரிக்கா புதிய குடியேற்றச் சட்டம் போட்டு, தெற்கு, கிழக்கு ஐரோப்பியர்களுக்குக் கதவை ஏறக்குறைய அடைத்தது. ஊரிலிருந்து புதிதாக ஆள் வருவது நின்ற வேளையில், இருப்பவர்கள் கூடுவதற்கு ஓர் இடம் தயாராக இருந்தது. பின்னால் அந்த மக்களின் இசைக்கு நடந்ததையெல்லாம் எண்ணிப் பார்த்தால், எனக்கு இந்தக் கட்டடம்தான் முதலில் முன்னால் வந்து நிற்கிறது.

பாண்டுக்கு வருகிறேன். அவர்கள் வாசித்தது போல்கா என்ற துள்ளல் நடன இசை. தாத்தாவிடம் இருந்தது பட்டன் பாக்ஸ். அக்கார்டியனின் கிராமத்து மூதாதை. வலக்கைப் பக்கம் பியானோ போலக் கட்டைகள் இருக்காது. மூன்று வரிசையாகப் பித்தான்கள் மட்டும்தான். ஒவ்வொரு வரிசையும் ஒரு சுருதிக்கு. துருத்தியை அமுக்கும்போது ஒரு ஸ்வரம், இழுக்கும்போது அதே பித்தானில் வேறு ஸ்வரம். ஆகவே மூச்சு மாறும் இடமும் மெட்டு மாறும் இடமும் ஒன்றாகவே இருக்கும். அந்த வெட்டும் துள்ளலும் அதனால்தான். இடக்கைப் பக்கம் கனத்த பேஸ் ரீடுகள் தரையை உலுக்கும். தாத்தாவின் பெட்டி, செயின்ட் கிளேர் அவென்யூவில் கடை வைத்திருந்த ஆன்டன் மெர்வார் செய்தது. மெர்வார் பெட்டி என்றால் அந்தச் சமூகத்தில் குடும்பச் சொத்து. தாத்தாவுக்கு ஸ்வரக் குறிப்பு படிக்கத் தெரியாது. அவர் வயதுக்காரர் பலரும் காதால் கேட்டுத்தான் கற்றவர்கள்.

முதல் தடவை அம்மா அந்த பேஸ்மென்ட்டுக்கு வந்தது நன்றாக நினைவிருக்கிறது. அந்த வீட்டுப் பாட்டி கொடுத்தனுப்பிய தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனவளை உட்கார வைத்துவிட்டார்கள். கர்நாடக சங்கீதம் முறையாகக் கற்றவள் அவள். இரண்டு நிமிஷம் கேட்டுவிட்டு என் காதோரம், “சுருதி சேரலையே” என்றாள். நான் அதை அப்படியே ஆங்கிலத்தில் தாத்தாவிடம் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. எழுந்து மேசைமேல் பெட்டியை வைத்து, திருகைக் கழற்றி, உள்ளே உலோக ரீடுகள் வரிசையாகத் தைத்த மரப்பலகையைக் காட்டினார். ஒரு பித்தானுக்கு ஒன்றுக்கு மேல் ரீடு. அவற்றை மிகச் சிறிய வித்தியாசம் வைத்தே சுருதி கூட்டுகிறார்கள். அந்த இடைவெளியில்தான் ஒலி அலை அலையாய் நடுங்குகிறது. பெரிய கூடத்தில் நூறு ஜோடிக் கால்கள் ஆடும் சத்தத்தையும் தாண்டி அது கேட்க வேண்டும். மைக் இல்லாத காலத்து ஏற்பாடு. அம்மா குனிந்து வெகுநேரம் அந்த ரீடுகளைப் பார்த்தாள். “நம்ம ஆர்மோனியத்துக்குள்ள இருக்கிறதும் இதுதான்” என்றாள். உண்மைதான். காற்று பட்டு அதிரும் தனி ரீடு என்ற ஒரே தத்துவத்தில் பிறந்த உறவுகள் இரண்டும். அதற்குப் பிறகு அவள் சுருதியைப் பற்றிக் குறை சொன்னதில்லை.

பாண்டில் தாத்தாவின் மகன் பியானோ அக்கார்டியன். அவரோடு ஆலையில் வேலை பார்த்த ஒருவர் டிரம்ஸ். பேஞ்சோவுக்கு ஓர் உறவினர். சாக்ஸபோனும் கிளாரினெட்டும் வாசித்தவர் தனி ரகம். அவர் அமெரிக்காவில் பிறந்தவரில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் கம்யூனிஸ்ட் ஆட்சிக்கு அஞ்சி ஆஸ்திரியாவுக்கு ஓடி, அங்கே அகதி முகாமில் சில ஆண்டுகள் கிடந்து, பெற்றோரோடு கிளீவ்லாந்து வந்தவர். பழைய குடியேறிகளுக்கும் இந்தப் புதியவர்களுக்கும் நடுவே பெரிய பிளவு உண்டு என்பது எனக்குப் பிற்காலத்தில் புரிந்தது. முதல் தலைமுறையிலேயே தேவாலயத்தைச் சார்ந்தவர்கள் ஒரு பக்கம், சோஷலிசம் பேசிய தொழிலாளர் மன்றத்தார் ஒரு பக்கம் என்று பிரிந்திருந்தார்கள். தாத்தா இரண்டாவது பக்கம். அகதிகளாக வந்தவர்கள் ஆழ்ந்த கத்தோலிக்கர்கள். ஒரு மேசையில் அரசியல் பேசினால் கோப்பைகள் உடையும். ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் இருவரும் ஒரே பேஸ்மென்ட்டில் ஒரே தாளத்தில் இருந்தார்கள்.

சண்டை இசையில் வரும். கிளாரினெட்காரர் கொண்டுவரும் இசைத்தட்டுகள் அவ்செனிக் சகோதரர்களுடையவை. ஸ்லோவேனியாவில், ஆல்ப்ஸ் மலையடிவாரத்துப் பெகூன்யே கிராமத்தில் 1953இல் தொடங்கிய குழு அது. அக்கார்டியனோடு கிடார், டிரம்பெட், கிளாரினெட் சேர்த்துப் புதுப் பாணி ஒன்றை உண்டாக்கி, ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து முழுக்கப் புகழ் பெற்றார்கள். “இதுதான் இன்றைக்கு நம் நாட்டில் வாசிப்பது” என்று அவர் சொல்வார். மகனோ கிளீவ்லாந்தின் அக்கார்டியன் கலைஞர் ஃபிராங்கி யாங்கோவிக்கின் பக்தர். இங்கே பிறந்த இசையை விட்டுவிட்டு அங்கிருந்து எதற்கு இறக்குமதி செய்ய வேண்டும் என்று கேட்பார். நான் படிக்கட்டில் உட்கார்ந்து, முழங்காலில் தட்டை வைத்து வால்நட் ரொட்டி தின்றுகொண்டே இந்த வாதத்தைக் கேட்டிருக்கிறேன். ஆளுக்கு ஒரு இசைத்தட்டைப் போட்டுக் காட்டுவார்கள். முடிவில் தாத்தா, “ஆடுறவங்க கால் எதுக்கு எழுந்திரிக்குதோ அதை வாசிங்க” என்பார். அன்றைக்கு இரண்டும் ஒத்திகையாகும்.

யாங்கோவிக்கைப் பற்றி அந்த வீட்டில் பேசாத நாள் இல்லை. 1915இல் மேற்கு வர்ஜீனியாவில் பிறந்து, கிளீவ்லாந்தின் காலின்வுட் பகுதியில் வளர்ந்தவர். வீட்டில் வாடகைக்குத் தங்கியிருந்த தொழிலாளர்களில் ஒருவரிடம் பட்டன் பாக்ஸ் கற்றார். பியானோ அக்கார்டியன் வேண்டும் என்று கேட்டபோது அப்பா மறுத்துவிட, அம்மா தன் சேமிப்பிலிருந்து ரகசியமாக வாங்கிக் கொடுத்தார். பிறகு இரண்டாம் உலகப் போருக்குப் போனார். பல்ஜ் சண்டையில் கடும் பனியில் சிக்கி, கைகால்கள் உறைந்து, வெட்டி எடுக்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொன்னபோது மறுத்துவிட்டார். விரல்களுக்கு உயிர் திரும்ப ஒரு அக்கார்டியனைக் கொடுத்தார்களாம். மகன் இந்தக் கதையைச் சொல்லும்போது தன் விரல்களை நீட்டி மடக்கிக் காட்டுவார். எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

அந்த விரல்கள் பிழைத்துத்தான் 1948இல் ‘ஜஸ்ட் பிகாஸ்’, 1949இல் ‘புளூ ஸ்கர்ட் வால்ட்ஸ்’ என்ற இரண்டு பாட்டுகளைப் பத்து லட்சத்துக்கு மேல் விற்க வைத்தன. 1948இலேயே மில்வாக்கி நகரில் நடந்த போட்டியில் அவருக்கு ‘அமெரிக்காவின் போல்கா ராஜா’ என்று பட்டம் சூட்டினார்கள். இதில் நான் பிற்காலத்தில் அறிந்துகொண்டு வியந்தது ஒன்று உண்டு. முதல் பாட்டு அமெரிக்கத் தென்பகுதியின் நாட்டுப்புறக் கலைஞர்கள் பாடியது. இரண்டாவதின் மெட்டு செக் நாட்டவருடையது. ஸ்லோவேனியப் பாட்டுகளையோ அவர் ஆங்கில வரிகளோடு பாடினார். கிராமத்து பட்டன் பாக்ஸுக்குப் பதில் எந்தச் சுருதியிலும் வாசிக்கக்கூடிய பியானோ அக்கார்டியன், அமெரிக்க பேஞ்சோ, பித்தளை வாத்தியங்களின் இரைச்சல் இல்லாத மெல்லிய ஓட்டம் என்று ‘கிளீவ்லாந்து பாணி’ உருவானது. தூய்மை பேசும் ஒருவர் இதைக் கலப்படம் என்பார். நான் ஒப்பமாட்டேன். ஒரு கூட்டத்தார் தங்கள் இசையை வெளியே கொண்டுபோய், வேறு கூட்டத்தார் இசையை வீட்டுக்குள் அழைத்து, இரண்டுக்கும் சேர்த்து ஆடினார்கள். பேரப்பிள்ளை தலைமுறையும் ஆட எழுந்தது அதனால்தான்.

தாத்தா சிரித்துப் பேசுவார். ஒரே ஒரு நாளைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரல் இறங்கும். 1944 அக்டோபர் 20, வெள்ளிக்கிழமை. செயின்ட் கிளேருக்கு வடக்கே, 61, 62ஆம் தெருக்களை ஒட்டி, திரவமாக்கிய எரிவாயுவைச் சேமிக்கும் தொட்டி ஒன்று மதியத்துக்குப் பிறகு பிளந்தது. வாயு சாக்கடைக் குழாய்களுக்குள் இறங்கி, வீதி வீதியாக வெடித்தது. 130 பேர் இறந்தார்கள். 79 வீடுகள் அழிந்தன. வங்கியை நம்பாமல் பலர் வீட்டிலேயே வைத்திருந்த சேமிப்பும் சாம்பலானது. தாத்தாவின் வீடு அந்த 79இல் ஒன்று. அவர் ஆலையில் இருந்தார். பாட்டி கைக்குழந்தையோடு ஏரிப் பக்கம் ஓடித் தப்பினார். மறுநாள் கல்யாணத்துக்கு வாசிக்க வேண்டி, பட்டன் பாக்ஸை முதல்நாளே காலின்வுட்டில் மைத்துனர் வீட்டில் கொண்டு வைத்திருந்தார். மிஞ்சியது அது ஒன்றுதான். அந்தக் கல்யாணம் தள்ளிப்போய், சில வாரங்களுக்குப் பிறகு நடந்தபோது இரவல் சட்டையில் போய் வாசித்தாராம். “வாசிக்காம என்ன செய்யறது? பொண்ணு மாப்பிள்ளை காத்திருந்தாங்க” என்றார்.

மக்கள் அதற்குப் பிறகும் ஏரியோரமாகக் கிழக்கே நகர்ந்துகொண்டே இருந்தார்கள். செயின்ட் கிளேரிலிருந்து காலின்வுட், அங்கிருந்து யூக்ளிட். போன இடமெல்லாம் ஒரு மன்றம் எழுப்பினார்கள். காலின்வுட்டில் வாட்டர்லூ சாலையில் ஒன்று, யூக்ளிட்டில் ரெக்கர் அவென்யூவில் ஒன்று. அந்த ரெக்கர் மன்றத்தில்தான் பக்கத்து வீட்டு பாண்டை முதன்முதலில் மேடையில் பார்த்தேன். ஒரு கல்யாணம். கோழி வறுவலும் க்ளோபாஸே என்ற பூண்டு மணக்கும் பன்றித் தொத்திறைச்சியும் நீள நீள மேசைகளில் வந்துகொண்டே இருக்க, நாங்கள் உருளைக்கிழங்கும் ஆப்பிள் ஸ்ட்ரூடலும் சாப்பிட்டோம். பிறகு மணப்பெண் நடனம். வரிசையில் நின்று ஏப்ரனில் டாலர் போட்டுவிட்டு ஒவ்வொருவராகப் பெண்ணோடு நாலு சுற்று ஆடுகிறார்கள். வரிசை தீரும்வரை பாண்டு நிறுத்தக் கூடாது. மகனின் நெற்றியிலிருந்து வியர்வை கட்டைகளின் மேல் சொட்டுவதைப் பார்த்தேன். எழுபது வயதுப் பாட்டிகள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சுழன்றார்கள். ஆண் துணை வரட்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை. என் அம்மாவையும் இழுத்தார்கள். புடவைக் கொசுவத்தை ஒரு கையில் தூக்கிப் பிடித்து அவள் சிரித்துக்கொண்டே சுற்றியது, அவளுடைய அமெரிக்க வாழ்க்கையில் நான் கண்ட மிகச் சந்தோஷமான காட்சிகளில் ஒன்று.

தாத்தாவின் பேரன் எனக்கு ஒத்த வயது. அப்போது பட்டன் பாக்ஸுக்கு மறுவாழ்வு வந்துகொண்டிருந்த சமயம். யாங்கோவிக் தலைமுறை ஒதுக்கி வைத்த அந்தப் பழைய பெட்டியைப் பேரப்பிள்ளைகள் தேடி எடுத்தார்கள். வடகிழக்கு ஒஹையோவில் பட்டன் பாக்ஸ் குழுக்கள் முளைத்தன. பேரனுக்குத் தாத்தாவே குரு. எதிரெதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, தாத்தா வாசிப்பார், பையன் அப்படியே திருப்பி வாசிப்பான். எங்கள் வீட்டில் அதே நேரம் அம்மா எனக்கு வர்ணம் சொல்லிக்கொடுப்பாள். அவள் பாடுவாள், நான் திருப்பிப் பாடுவேன். அவன் பாடிய பாட்டின் ஸ்லோவேனிய வரிகளுக்கு அவனுக்கு அர்த்தம் தெரியாது. நான் பாடிய தியாகராஜ கிருதியின் தெலுங்குக்கு எனக்கும் தெரியாது. இருவருக்கும் அது ஒரு குறையாகத் தோன்றவில்லை. பாட்டு முதலில் வந்தது. அர்த்தம் நாங்கள் வளர்ந்த பிறகு வந்து சேர்ந்தது.

1978இல் கிளீவ்லாந்தில் தியாகராஜ ஆராதனை தொடங்கியது. விரல்விட்டு எண்ணக்கூடிய குடும்பங்கள்தான் கூடிச் செய்தன. ஈஸ்டர் விடுமுறையை ஒட்டி நடப்பதால், எங்கள் இரு வீடுகளிலும் ஒரே வாரத்தில் அமர்க்களம். இங்கே ஊரிலிருந்து வரும் விருந்தாளிகளுக்குப் புளியோதரை. அங்கே பாட்டி மாவை மேசை முழுக்க மெல்லியதாகத் தேய்த்து, வால்நட்டும் தேனும் பரப்பி, பாய் சுருட்டுவதுபோல் சுருட்டி பொதீட்சா சுடுவார். படிக்கட்டில் உட்கார்ந்து நான் தின்ற வால்நட் ரொட்டி அதுதான். ஒருமுறை தாத்தா எங்களோடு ஆராதனைக்கு வந்தார். கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்து, பஞ்சரத்னம் முழுவதையும் அசையாமல் கேட்டார். திரும்பும்போது காரில் அப்பாவிடம் கேட்டது ஒன்றுதான்: “சொந்தக் கட்டடம் எப்போ கட்டப் போறீங்க?”

தாத்தா எண்பதுகளில் போய்ச் சேர்ந்தார். 1986இல் போல்காவுக்கு முதல்முறையாக கிராமி விருது கொடுத்தபோது அதை வாங்கியவர் யாங்கோவிக். 1987இல் யூக்ளிட்டில் கிளீவ்லாந்து பாணி போல்காவுக்கென்று ஓர் அருங்காட்சியகம் தொடங்கினார்கள். 1961 முதல் நாற்பது ஆண்டுகள் வானொலியில் தினமும் போல்கா ஒலிபரப்பிய டோனி பெட்கோவ்ஷெக் போன்றவர்கள் அந்த இசையைத் தூக்கிப் பிடித்தார்கள். ஆலைகள் மூடின. பிள்ளைகள் வேறு ஊர்களுக்குப் போனார்கள். 1998இல் யாங்கோவிக் இறந்தார். 2009இல் போல்காவுக்கான கிராமி பிரிவே நிறுத்தப்பட்டது. விருது நின்றதால் வாசிப்பு நிற்கவில்லை. பேரன் இப்போது தன் மகளுக்கு அதே மெர்வார் பெட்டியில் கற்றுக்கொடுக்கிறான்.

ஆராதனைக்காக ஆண்டுதோறும் தமிழ்நாட்டிலிருந்தும் அமெரிக்காவின் பல ஊர்களிலிருந்தும் கிளீவ்லாந்து வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கச்சேரிக்கும் கச்சேரிக்கும் நடுவே சில மணி நேரம் கிடைத்தால், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு செயின்ட் கிளேர் அவென்யூ 6409க்குப் போய் வாருங்கள். ஆலைத் தொழிலாளிகள் தங்கள் பாட்டுக்காகப் பங்கு போட்டு எழுப்பிய கட்டடம் அது என்று அவர்களிடம் சொல்லுங்கள்.